அப்பாவின் நோட்டும் ஃபூபாரும்

அப்பா திண்டுக்கல்லில் கேசட் கடை வைத்திருந்தார். விற்பனை கொஞ்சம்தான், பதிந்து கொடுப்பதில்தான் பிழைப்பு. துண்டுச்சீட்டில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். இரண்டு நாள் கழித்து வந்தால் 60 நிமிடக் கேசட் ஒன்று தயாராக இருக்கும், அட்டையில் அப்பாவின் குண்டு எழுத்தில் பாட்டு வரிசையோடு. காப்புரிமை என்று ஒன்று உண்டு என்பதை அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. 2004-ல் கடையை மூடியபோது எச்.எம்.வி., எக்கோ ரெக்கார்டுகளும் மூட்டை மூட்டையாகக் கேசட்டுகளும் வீட்டுக்கு வந்தன. கூடவே ஒன்பது லாங் சைஸ் நோட்டுகள்.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற எனக்கு ஆறு வருடம் பிடித்தது. நானும் தம்பியும் சேர்த்த சி.டி.க்கள், அவன் எங்கெங்கோ இறக்கிய எம்பி3-கள் எல்லாம் சேர்த்து இன்றைக்கு 38,000 கோப்புகள், 410 ஜிபி. கேசட்டையும் ரெக்கார்டையும் ஃபிளாக் என்ற, தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகையில் வைத்திருக்கிறேன். ஒரு 60 நிமிடக் கேசட்டை சி.டி. தரத்தில் அப்படியே போட்டால் 600 எம்பி ஆகும். ஃபிளாக்கில் ஏறக்குறைய பாதி, ஒலியில் ஒரு துளி குறையாது.

சரி, ஏற்றியாயிற்று. எந்த மென்பொருளில் போட்டுக் கேட்பது?

கல்லூரியில் எங்கள் எல்லாருக்கும் வின்ஆம்ப்தான். அப்போது ஒரு சி.டி.க்கு 150 பாட்டு, அதுவே பெரிய சொத்து. 38,000-ஐ அதே பழக்கத்தில் வரிசையாகக் கொட்டினால் சந்தைக்கடைதான். விஎல்சி எதைக் கொடுத்தாலும் பாடிவிடும், ஆனால் தேடிக் கொடு என்றால் கையை விரித்துவிடும். அடுத்து, எல்லாரும் புகழ்கிற ஒரு மென்பொருளை நிறுவினேன். பெயர் வேண்டாம். ‘கோப்புகளை ஒழுங்குபடுத்தட்டுமா?’ என்று பணிவாகக் கேட்டது. நானும் சரி என்று அழுத்திவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தால், அப்பாவின் கேசட் எண்படி வைத்திருந்த அடைவுகளையெல்லாம் கலைத்துப் பாடகர் பாடகராகப் பிரித்துப் போட்டிருந்தது. யார் பாடினது என்று அதற்குத் தெரியாத ஆறாயிரத்துச் சொச்சம் பாட்டுகள் ‘அறியப்படாத கலைஞர்’ என்ற ஒரே அடைவில். வேறொரு வட்டில் நகல் இருந்ததால் தப்பித்தேன்.

அன்றைக்குத்தான் அப்பாவின் நோட்டை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தேன். படம், பாட்டு, குரல், இசை, எழுதியவர், நிமிடம், எந்தக் கேசட் என்று ஏழு கட்டம். ஜோடிப்பாட்டு என்றால் இரண்டு குரலுக்கும் தனித்தனி வரி. ஜானகி பக்கத்திலும் இருக்கும், எஸ்.பி.பி. பக்கத்திலும் இருக்கும். வெளிநாட்டு மென்பொருள்கள் பெரும்பாலும் ‘கலைஞர், ஆல்பம்’ என்ற இரண்டே பெட்டிகளை நம்பி நிற்கின்றன. நம் சினிமாப் பாட்டை யாரும் அப்படித் தேடுவதில்லை. ‘ராஜா மியூசிக், ஜானகி பாடினது, மழை வருமே’ என்றுதான் கேட்பார்கள்.

கோப்புகளின் லட்சணமோ தனி. பாட்டு, பாடகர் பெயரை எம்பி3 கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் பழைய ஐடி3 குறிப்பில் ஒரு பெயருக்கு 30 எழுத்துதான் இடம். ஆங்கிலத்தில் பாலசுப்ரமணியம் பெயரை முழுதாக எழுதி, காற்புள்ளி போட்டு, ஜானகியைத் தொடங்கினால் ‘எஸ். ஜானா’வோடு இடம் தீர்ந்துவிடும். என்னிடம் ஜானா அம்மா பாடியவை மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன! இளையராஜா என்று ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி உண்டோ அத்தனை இளையராஜாக்கள் வேறு. யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் யாரோ புண்ணியவான் தமிழிலேயே எழுதிய பெயர்கள் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தன. அவற்றை எம்பி3டேக் என்ற மென்பொருளில் உரைக்கோப்பாக எடுத்து, என்.எச்.எம். கன்வர்ட்டரில் மாற்றி, திரும்ப ஏற்றினேன். மூன்று மாத ஞாயிறுகள் இதிலேயே போயின.

கடைசியில் மியூசிக்பீயும் ஃபூபார்2000-மும்தான் போட்டியில் நின்றன. மியூசிக்பீ கண்ணுக்கு அழகு, அட்டைப்படங்களை அடுக்கிக் காட்டும், என் மகளுக்கு அதுதான் பிடித்தது. ஃபூபாரைத் திறந்தால் தாலுகா ஆபீஸ் படிவம் மாதிரி இருக்கும். பீட்டர் பாவ்லோவ்ஸ்கி என்பவர் எழுதியது. முன்பு வின்ஆம்ப் செய்த நல்சாஃப்டுக்கு வேலை பார்த்தவர். 2002-ல் முதல் பதிப்பு வந்தது. நாமாகச் சொல்லாமல் ஒரு கோப்பையும் அது நகர்த்தாது. சூடுபட்ட எனக்கு அதுவே போதும். ஆனாலும் சோதித்தேன். குரல் என்ற இடத்தில் இரண்டு பெயரை அரைப்புள்ளியால் பிரித்துக் கொடுத்தேன், இரண்டு பேராகவே எடுத்துக்கொண்டது. ‘எழுதியவர்’ என்று நானே ஒரு கட்டம் உண்டாக்கினேன், மறுக்கவில்லை. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்த 1965 வரை, கண்ணதாசன் எழுதி சுசீலா பாடியவை மட்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். புதிதாகப் பாட்டு சேர்த்தால் தானாகவே அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒலித்தரம் பற்றியும் கேட்பீர்கள். ஃபூபாரில் ஏபிஎக்ஸ் என்று ஒரு துணைக்கருவி போட்டுக்கொள்ளலாம். எது எம்பி3, எது ஃபிளாக் என்று சொல்லாமல் போட்டு நம் காதைச் சோதிக்கும். 320 கேபிபிஎஸ் எம்பி3-யையும் ஃபிளாக்கையும் வைத்து 16 தடவை முயன்றேன், ஒன்பது சரி. பூவா தலையா போட்டிருந்தாலும் அதே மார்க்தான் வந்திருக்கும். அதற்கப்புறம் ஒலித்தரம் என்று தம்பி ஆரம்பித்தாலே நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

எல்லாம் முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ஜானகியைத் தட்டியதும் வந்த பாட்டுகளை எண்ணவில்லை, வியக்கவும் இல்லை.

“மொத்தம் எத்தன நிமிசம்னு காட்டுமா பாப்பா?”

காட்டும். நாலைந்து பாட்டைத் தேர்ந்தெடுத்தால் ஓரத்தில் மொத்த நேரம் வந்து நிற்கும். மவுஸை வாங்கிக்கொண்டார். ஒரு பாட்டைச் சேர்த்தார், இன்னொன்றை எடுத்தார், மூன்று நிமிடப் பாட்டுக்குப் பதில் நாலரை நிமிடப் பாட்டை வைத்தார். அரைமணி நேரம் பேச்சே இல்லை. டீ ஆறிப்போனது. யார் கேட்டு, எந்தக் கேசட்டுக்கு என்று நானும் கேட்கவில்லை.

ஆறு பாட்டு, 29 நிமிடம் 41 விநாடியில் நிறுத்தினார்.

“ஏ சைடு முடிஞ்சுது. இன்னும் பத்தொம்பது செகண்டு கெடக்கு. இருக்கட்டும், முன்னாடி வெறும் நாடாவுக்கே அஞ்சாறு செகண்டு போயிரும்.”