லின் ஷூவின் ஊரில் நான்கு வருஷம்

தென்கிழக்குச் சீனாவில் இருக்கும் ஃபூஜோ நகரத்துக்கு நான் படிக்கப் போனது லின் ஷூவுக்காக. ஒரு வெளிநாட்டு மொழியும் தெரியாமல், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு நூல்களைச் சீனத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். மொழி தெரிந்த நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லச் சொல்ல, இவர் செவ்வியல் சீனத்தில் எழுதிக்கொண்டே போவார். திருச்சியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது மொழிபெயர்ப்புப் பாடத்தில் இவரைப் பற்றி இரண்டே வரி வந்தது. அந்த இரண்டு வரி என்னை விடவில்லை.

சீன அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். முதுகலைக்குக் கட்டணமும் விடுதியும் போக, மாதம் 3,000 யுவான் கையில் வரும். மதிப்பெண் பட்டியல், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், மருத்துவப் பரிசோதனைப் படிவம் எல்லாம் அலைச்சல்தான், ஆனால் முடிந்துவிடும். மனதைக் கொடுத்து எழுத வேண்டியது படிப்புத் திட்டம் ஒன்றைத்தான். என்ன படிக்கப் போகிறீர்கள், அதை ஏன் சீனாவில் படிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கட்டும். அப்புறம் ஒன்று: நீண்டகாலப் படிப்புக்கான எக்ஸ்-1 விசாவில் போய் இறங்கினால் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் வருஷம் முழுக்கச் சீன மொழி. அதற்குப் பிறகு மூன்று வருஷம் முதுகலை. கூடப் படித்தவர்கள் டிசம்பர் மாத தேசிய நுழைவுத் தேர்வில் அரசியல் பாடம் உட்பட நான்கு தாள் எழுதித் தேறி வந்தவர்கள். இலக்கிய வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்ததால் அவர்களோடு ஓட முடிந்தது. மொழிபெயர்ப்பு வகுப்பில் முடியவில்லை. அவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் அரைப்பக்கத்துக்கு எனக்கு ஓர் இரவு தேவைப்பட்டது.

அந்த நாட்களில்தான் யென் ஃபூ என்ற மொழிபெயர்ப்பாளரைப் படித்தோம். அவரும் ஃபூஜோக்காரர். 1898இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு ஒன்றின் முன்னுரையில், மொழிபெயர்ப்பில் மூன்று கஷ்டங்கள் உண்டு என்றார்: ஷின், தா, யா. மூலத்துக்கு உண்மையாக இருப்பது, வாசகருக்குப் போய்ச் சேர்வது, நயமாக இருப்பது. சீனாவில் மொழிபெயர்ப்பு படிக்கும் யாரும் இந்த மூன்று எழுத்தைத் தாண்டிப் போக முடியாது. எனக்குப் பிடித்தது அதே முன்னுரையில் வரும் இன்னொரு வரி. ஒரு சொல்லை நிலைநிறுத்தப் பத்து நாள், ஒரு மாதம் என்று தயங்கி நின்றதாக எழுதுகிறார். அதை என் மேஜைக்கு மேல் எழுதி ஒட்டி வைத்தேன்.

இரண்டாம் வருஷம் 'கைத்தி' வந்தது. ஆய்வேட்டின் தலைப்பையும் திட்டத்தையும் ஆசிரியர் குழுவின் முன் வைத்து ஒப்புதல் வாங்கும் கட்டம் அது. 'சீனத்தில் டிக்கன்ஸ்' என்று தலைப்பு கொண்டுபோனேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். "தலைப்பு பெரிசு, நீ சின்னதாகத் தோண்டு" என்றார் என் லாவ்ஷி, அதாவது ஆசிரியர். அன்றைக்கு வலித்தது. ஆனால் அந்த நான்கு வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல அறிவுரை அதுதான்.

சின்னதாக்கினேன். டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலை ஆங்கிலம் தெரிந்த வெய் யி வாய்மொழியாகச் சொல்ல, லின் ஷூ எழுதி 1908இல் வந்த மொழிபெயர்ப்பு. அதிலும் முதல் சில அத்தியாயங்கள் மட்டும். சிக்கல் என்னவென்றால், அது செவ்வியல் சீனம். நான் கற்ற பேச்சுச் சீனம் அங்கே பாதிக்குமேல் உதவாது. ஹூனானிலிருந்து வந்த வகுப்புத்தோழி கைகொடுத்தாள். வாரம் மூன்று மாலை நூலகத்துக்கு வெளியே ஆலமரத்தடியில் உட்காருவோம். ஃபூஜோவுக்கே ஆலமர நகரம் என்றுதான் பெயர். அவள் வரியை உரக்கப் படித்து இன்றைய சீனத்தில் விளக்குவாள், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், பிறகு இருவரும் டிக்கன்ஸைத் திறந்து ஒப்பிடுவோம். லின் ஷூவும் வெய் யியும் செய்ததையே நாங்கள் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு நாள் அவள்தான் சொன்னாள்.

லின் ஷூ வைத்த தலைப்பிலேயே ஒரு மாதம் போனது. 'குவாய்ரோ யூஷெங் ஷு'. குவாய்ரோ என்றால் ஒரு துண்டு மாமிசம். நாவலில் அப்படி எதுவும் இல்லையே என்று குழம்பினேன். தேடியபோது சோங் வம்ச வரலாற்றில் கிடைத்தது. 1279இல் வம்சத்தின் கடைசிக் குழந்தைப் பேரரசன் கடலில் மாண்டபோது, யாங் ராஜமாதா, "இத்தனை நாள் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தது ஜாவ் குடும்பத்தின் அந்த ஒரு துண்டு மாமிசத்துக்காகத்தானே" என்று அழுகிறார். ஜாவ் என்பது சோங் அரச குடும்பத்தின் பெயர். ஒரு துண்டு மாமிசம் என்றால் எஞ்சிய ஒரே வாரிசு என்று பொருள். டேவிட் தகப்பன் இறந்தபின் பிறந்தவன். இங்கிலாந்தின் ஒரு விதவை வீட்டுக் குழந்தைக்கு லின் ஷூ ஓர் அரச வம்சத்தின் துக்கத்தையே கொடுத்திருக்கிறார். ஆய்வேட்டின் முதுகெலும்பு அன்று கிடைத்தது.

கடைசி வருஷம் வேகமாக ஓடியது. நகல் சோதனை, பிறகு நம் பெயரையும் லாவ்ஷி பெயரையும் எடுத்துவிட்டு வெளி ஆட்களுக்கு அனுப்பும் மறைமதிப்பீடு. முடிவுக்குக் காத்திருந்த வாரங்களில் சரியாகத் தூங்கவில்லை.

மே மாதம் வாய்மொழித் தேர்வு. ஐந்து பேர் குழு. நான்கு கேள்விகள் எதிர்பார்த்தவை. ஐந்தாவதாக ஒரு பேராசிரியை, "உங்கள் தாய்மொழியில் குவாய்ரோவை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். யோசித்தேன். எங்கள் பக்கம் அப்படிப் பிறந்த பிள்ளையை 'அப்பனை முழுங்கினவன்' என்பார்கள் என்றேன். சீனச் சொல் பிள்ளையைப் பொத்திப் பாதுகாக்கிறது, எங்கள் சொல் அதன் மேல் பழியைப் போடுகிறது, அதனால் நான் தமிழில் பெயர்த்தால் அந்தச் சொல்லைத் தொடமாட்டேன் என்றும் சொன்னேன். வேறு எந்தச் சொல் என்று கேட்டார். இன்னும் கிடைக்கவில்லை என்றேன். அவர் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார்.

வெளியே போகச் சொன்னார்கள். திரும்ப அழைத்து, நிற்கவைத்துத் தீர்மானத்தை வாசித்தார்கள். தேறியிருந்தேன். தோழி தாழ்வாரத்தில் காத்திருந்தாள்.

இப்போது முதல் அத்தியாயத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.