யாருக்கு எந்த மேடை

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கூடிய மாணவர் மன்றத்தை இந்த மலரைப் புரட்டுவோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பேச்சுப் போட்டிக்கு ஆள் தெரிவு செய்யும்போது எங்கள் தமிழாசான்கள் முதலில் பார்த்தது குரலைத்தான், எழுத்தை அல்ல. கணீரென்ற குரலுக்குப் பேச்சு, சட்டென்று மடக்கும் வாய்க்கு விவாதம், தான் சிரிக்காமல் சபையைச் சிரிக்க வைப்பவருக்குப் பட்டிமன்றம். இறைவன் கொடுத்தது எதுவோ அதில்தான் பயிற்சி.

அதை மீறி எல்லோரும் அண்ணாவாகப் பார்ப்போம்! அடுக்குமொழிக்கு நீண்ட மூச்சு வேண்டும். குறுமூச்சுக்காரர் நாலாவது எதுகையில் திணறுவார், வாக்கியக் கடைசியில் குரல் தேய்ந்துவிடும். தமிழில் வினைமுற்று நிற்பதோ அங்கேதான். "இதை நாங்கள் ஏற்கவில்லை" என்பதில் பின்வரிசைக்கு எட்டுவது "ஏற்க" மட்டும் என்றால், பேசியவர் எந்தக் கட்சி? இப்படிப்பட்டவருக்கு ஏழெட்டுச் சொல்லில் முடியும் வாக்கியங்களே தோது. கடைசிச் சொல்லுக்கு முன் சின்னதாக ஒரு நிறுத்தம் விட்டால் மூச்சும் கிடைக்கும், வினையும் கேட்கும்.

தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவுக்குத் தாழ்ந்த குரல். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயும் சேர்ந்தது. சட்டத்தரணிக்குரிய நிதானத்தோடு காரணங்களை ஒவ்வொன்றாக வைப்பார், சனம் காது கொடுத்துக் கேட்கும். அவருடைய கட்சி மேடைகளிலேயே அமிர்தலிங்கம் முழங்குவார். ஒருவர் பாணியை மற்றவர் எடுக்கவில்லை. முறையைக் கடன் வாங்குவது வேறு விஷயம். மிஷன் பாடசாலையில் படித்த ஆறுமுக நாவலர், பாதிரிமாரின் பிரசங்க முறையை 1847 டிசம்பர் 31இல் யாழ்ப்பாணத்து வண்ணைச் சிவன் கோயிலுக்குக் கொண்டுபோனார்.

ஒலிவாங்கிக்கும் ஆளைப் பார்த்துத்தான் இடைவெளி. தாழ்குரலுக்கு நாலு விரற்கடை, கணீர்க் குரலுக்கு ஒரு சாண். முகத்தைச் சற்றுச் சாய்க்காவிட்டால் ஒவ்வொரு "ப"வும் காற்றாய் அடிக்கும். அவை வணக்கம் ஒரு வரியோடு நிற்கட்டும். அதிபர் முதல் ஆட்டோகாரர் வரை விளித்தால் ஐந்து நிமிடப் பேச்சில் 40 விநாடி போய்விடும். மனனம் முதற் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் போதும், நடுவுக்கு ஒரு துண்டில் நாலு சொல் எழுதிக்கொள்ளலாம். முழுவதையும் பாடமாக்கியவருக்கு ஒரு வரி தவறினால் அடுத்த வரியும் வராது. முந்தைய வரிதானே அதை இழுத்து வரவேண்டும்!

இங்கே, புலம்பெயர்ந்த மண்ணில், நம் ஒன்றுகூடல்களில் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புவிக்க வைக்கிறோம். ல, ள, ழ மூன்றும் அதில் ஒன்றாகிவிடும். பொருள் விளங்காததால் நிறுத்தும் இடமும் பிசகும். எதிர்க்கேள்வி கேட்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை என்பது பெற்றோருக்குத் தெரியும். அடுத்த கலைவிழாவில் இரண்டிரண்டு பேராக மூன்று நிமிட வாதம் வைத்துப் பார்க்கலாம். தலைப்பை அவர்களே தெரிவு செய்யட்டும், வீட்டில் பேசும் தமிழிலேயே பேசட்டும். அதற்காக நடுவர்கள் புள்ளியை வெட்டாமல் இருந்தால் சரி.