‘வி’ இருந்த இடத்தில் ‘மி’

அச்சடிக்க வந்த மேட்டரில் ‘தந்தையை விஞ்சிய தனயன்’ என்றுதான் இருந்தது. என் விரல் ‘மிஞ்சிய’ என்று அடித்துவிட்டது. புரூஃப் பார்க்கும்போது கவனித்தேன். கவனித்தும் விட்டுவிட்டேன். இதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி இன்றுவரை கைப்பிழை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் விட்டேன்? ஒரு பையனுடைய கோயில் திருவிழாக் கச்சேரிக்கான நோட்டீஸ் அது. டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் நின்று படிக்கிறவர்களுக்கு ‘மிஞ்சிய’ சட்டென்று புரியும். ‘விஞ்சிய’ என்றால் தமிழ் வாத்தியார் வந்துதான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பையனுடைய சிநேகிதர் புரூஃபில் ஓகே எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஆயிரம் ஓடியது. சட்டப்படி பார்த்தால் என் மேல் தப்பே இல்லை.

நான்காம் நாள் அந்தப் பையனின் அப்பா வந்தார். நாதஸ்வரம் வாசிக்கிற நாயனக்காரர், அறுபதைத் தாண்டியவர். துளைகளை மூடி மூடித் தட்டையாகிப்போன விரல்நுனியை அந்த ஒரு சொல்லின் மேல் வைத்தார்.

“இது என்ன தம்பி?”

“ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா.”

“எங்க வீட்டுல ஒண்ணு இல்ல தம்பி.” கொஞ்சம் பொறுத்து, “மேட்டர் நான் எழுதினதுதான்” என்றார்.

கும்பகோணத்தில் இத்தனை வருஷமாக டிடிபி பார்க்கிறேன். ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. அகராதியைப் புரட்டினால் நான் சொன்னது பொய்யும் இல்லை. விஞ்சு, மிஞ்சு இரண்டுக்கும் மேம்படுதல், அதிகமாதல் என்று போட்டிருக்கும். ‘குருவை மிஞ்சிய சிஷ்யன்’ என்று மேடைக்கு மேடை பாராட்டத்தானே செய்கிறோம்?

ஆனால் ‘மிஞ்சு’ அதோடு நிற்கிற சொல் இல்லை. பானையில் மீந்த சோறும் மிஞ்சினதுதான். பெரியவர் பேச்சைக் கேட்காதவனும் பேச்சை மிஞ்சினவன்தான். கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான் என்கிறோமே, அங்கே அது திமிர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமே நஞ்சு. விஞ்சு பாவம், இந்த வம்புக்கெல்லாம் போகாது. உயரும், அவ்வளவுதான். ‘அவன் அப்பனையே தூக்கிச் சாப்பிட்டுட்டான்’ என்று அச்சடித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காதோ என்று சில சமயம் தோன்றுகிறது.

அந்தப் பையன் இரண்டு வருஷம் முன்பு அப்பா வேண்டாம் என்று சொல்லியும் அவர் நாயன செட்டை விட்டு வேறு செட்டுக்குப் போனவன் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் ஊருக்கே தெரியுமாம். அந்த ஊரில் ‘தந்தையை மிஞ்சிய தனயன்’ என்று சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கிறோம். அவர் யோசித்துப் பிடித்த ஒரு சொல், மகனுக்குக் கொடுக்க இருந்த சொல், என் கையில் பழைய சண்டையாக மாறிவிட்டது. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொள்கிறேன். தெரிய வேண்டியதில்லையே, மேட்டரில் உள்ளதை அப்படியே அடித்திருந்தால் போதும்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்பார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரன் எழுப்பியது அதைவிடக் குறைவு. அப்பனை மிஞ்சக் கூடாது என்றுதான் மகன் குறைத்துக் கட்டினான் என்று சுற்றிக்காட்டுகிறவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ராஜேந்திரன் மனசில் அதுதான் இருந்ததா, யார் கண்டது. ஆனால் ஒருவர்கூட ‘விஞ்சக் கூடாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. கூடாது என்று வருகிற இடத்தில் ‘மி’தான் வருகிறது. இதை யோசித்த அன்று அவர் பக்கம்தான் நியாயம் என்று முடிவு செய்தேன்.

மறுநாளே அது ஆட்டம் கண்டது. அவர் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தை எடுத்து வாசித்த பிறகு, குட்டையான, சுருதி ஏறிய திமிரி நாயனம் ஒதுங்கிப்போனது. பாரி திமிரியை மிஞ்சியதா, விஞ்சியதா? இரண்டில் எதைச் சொன்னாலும் யாரும் பிரஸ்ஸுக்கு நடந்து வரப்போவதில்லை. அப்படியானால் கோளாறு சொல்லில் இல்லை, அவர் வீட்டில்தானே? இதை எழுதும்போதே எனக்கு நன்றாக இல்லை.

அவர் பணமும் கேட்கவில்லை, சத்தமும் போடவில்லை. கிளம்பும்போது எனக்குத்தான் ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. “மிஞ்சினது ஒரு கட்டு இருக்குங்க ஐயா, எடுத்துக்கிறீங்களா?” என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவர் சிரித்தாரா, செருமினாரா என்று இன்னும் பிடிபடவில்லை. “நீங்களே வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள். பின்பக்கத்தில் பேப்பர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் இருபது, மிஞ்சிப்போனால் முப்பது இருக்கும்.