சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மூவி: தாவும்போதெல்லாம் ஜெயிக்கிற படம்

வீடியோ கேமைப் படமாக எடுக்கும்போது முதலில் பறிபோவது பார்ப்பவர் கையிலிருக்கும் கண்ட்ரோலர்தான். கதை, ஊர், உடை, இசை எல்லாவற்றையும் திரைக்குக் கொண்டுவந்துவிடலாம். ‘நான் அழுத்தினேன், அவன் தாவினான்’ என்கிற உணர்வைக் கொண்டுவர முடியாது. அதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் இந்த வகைப் படங்களின் தலையெழுத்தே இருக்கிறது. 2023 ஏப்ரலில் வந்த அனிமேஷன் படமான ‘தி சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மூவி’ அந்த ஈட்டைச் சில காட்சிகளில் பிரமாதமாகக் கொடுக்கிறது. மற்ற இடங்களில் எதையும் நின்று பார்க்கவிடாமல் ஓடுகிறது.

தயாரித்தது அனிமேஷன் நிறுவனமான இல்லுமினேஷனும் மாரியோ கேம்களை வெளியிடும் நின்டெண்டோவும். இயக்கம் ஆரன் ஹொர்வாத், மைக்கேல் ஜெலெனிக். திரைக்கதை மேத்யூ ஃபோகல். மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே கிறிஸ் மெலிடாண்ட்ரியுடன் சேர்ந்து தயாரிப்பாளராக இருந்தார். 1993-ல் பாப் ஹாஸ்கின்ஸை மாரியோவாக்கி எடுத்த படத்தில் இருட்டு நகரமும் டைனோசர் வம்சத்து மனிதர்களும் இருந்தார்கள். கேமில் இருக்கிற வண்ணமும் துள்ளலும் தேடினாலும் கிடைக்காது. அந்தத் தோல்விக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் மாரியோ படமே வரவில்லை. இந்த முறை படம் உலகம் முழுக்க 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

கதை ஒரு பத்தியில் அடங்கும். புரூக்ளினில் புதிதாக பிளம்பிங் தொழில் தொடங்கிய மாரியோவும் லூயிஜியும் நிலத்தடிக் குழாய் ஒன்றுக்குள் இழுக்கப்படுகிறார்கள். மாரியோ காளான் ராஜ்ஜியத்தில் போய் விழுகிறான். லூயிஜி, பீச் இளவரசியைக் கல்யாணம் செய்யத் துடிக்கும் வில்லனான ஆமை அரசன் பௌசரின் இருண்ட நிலத்தில் மாட்டிக்கொள்கிறான். தம்பியை மீட்க, காளான் ராஜ்ஜியத்தை ஆளும் பீச்சோடும் டாங்கி காங் என்கிற குரங்கோடும் மாரியோ சேர்கிறான். பழைய கேம்களில் பிடிபட்டு மீட்கப்படக் காத்திருந்த பீச் இங்கே படை திரட்டுகிறாள், காத்திருப்பது லூயிஜி. நல்ல மாற்றம் இது. அண்ணன் தம்பி பாசத்தைக் கதையின் முதுகெலும்பாக வைத்ததால் மாரியோ ஓடுவதற்கு ஒரு நிஜமான காரணம் கிடைக்கிறது.

முதலில் கவனிக்க வேண்டியது புரூக்ளின் ஓட்டம். முதல் வேலைக்குக் கிளம்பும்போது வேன் மக்கர் செய்துவிட, சகோதரர்கள் கட்டுமானத்தளம் ஒன்றின் குறுக்கே ஓடுகிறார்கள். அந்த இடத்தில் கேமரா சட்டென்று பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது. தெரு, பலகை, இரும்புக் கம்பி எல்லாம் வலமிருந்து இடமாக நகர, மாரியோ அவற்றின் மேல் ஏறித் தாவி ஓடுகிறான். லூயிஜி அதே வழியில் தடுமாறிப் பின்னால் வருகிறான். கேமின் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ 1985-ல் போட்ட மெட்டு பெரிய இசைக்குழுவோடு ஒலிக்கிறது. மாரியோவுக்கு இன்னும் எந்த மாய சக்தியும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவன் உடம்பிலேயே அந்தத் தாவல் இருக்கிறது என்று ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். பின்னால் அவன் வேறு உலகத்தில் சமாளிப்பான் என்று நம்ப வைப்பது இந்தக் காட்சிதான்.

அடுத்தது, என் கணக்கில் படத்தின் உச்சம், பீச் கொடுக்கும் பயிற்சி. அதன் அருமை புரிய 1985-ல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேமின் முதல் லெவலை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். மாரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான். வலப்பக்கம் காலியாக இருக்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் எழுதிக் காட்டவில்லை. சில அடி போனதும் கூம்பா என்கிற குட்டி எதிரி எதிரே வருகிறது. தாவாவிட்டால் அங்கேயே உயிர் போகிறது, அதனால் தாவக் கற்றுக்கொள்கிறோம். மேலே கேள்விக்குறி போட்ட கட்டியை முட்டினால் காளான் வெளியே வந்து வலப்பக்கம் உருண்டு, தரையில் விழுந்து, குழாயில் மோதி நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. எதிரி என்று பயந்து விலக நினைத்தாலும் பெரும்பாலும் நம்மைத் தொட்டுவிடும். தொட்டால் மாரியோ வளர்கிறான். காளான் நல்லது என்று அந்த நொடியில் தெரிந்துவிடுகிறது. லெவலின் பிற்பகுதியில் இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிரே நிற்கும். நடுவில் தரை இருக்கும், தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டினால் அதே மாதிரி இன்னொரு ஜோடி. இந்த முறை நடுவில் பள்ளம். பயிற்சியும் பரீட்சையும் அடுத்தடுத்து.

படத்தில் பீச் கட்டியிருக்கும் பயிற்சித் தடமும் இதே யோசனைதான். மிதக்கும் மேடைகள், கடிக்கிற செடிகள், பறந்து வரும் குண்டுகள். முதலில் பீச் ஓடிக் காட்டுகிறாள், ஒரு தப்பும் இல்லாமல். பிறகு மாரியோ. விழுகிறான். திரும்ப ஆரம்பத்திலிருந்து. காளானைத் தின்று பெரிதாகிறான், அடிபடுகிறான், சுருங்குகிறான், மறுபடியும் விழுகிறான். காளான் என்றாலே அவனுக்கு ஆகாது என்று முன்பே சாப்பாட்டு மேசையில் காட்டியிருப்பதால், ஒவ்வொரு கடியும் அவனுக்கு வேதனை. கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: ஒவ்வொரு முறையும் போன முறை விழுந்த இடத்தைத் தாண்டிப் போய், அதற்கு அடுத்த தடையில்தான் விழுகிறான். கேம் ஆடியவர்களுக்கு இந்த வரிசை அத்துப்படி. தோற்ற இடம் மனப்பாடமாகி, கை தானாக அங்கே தாவும். அதற்கு அடுத்த அடியில் புதுசாக ஒன்று வந்து வீழ்த்தும். பறிபோன கண்ட்ரோலருக்கு ஈடாகத் திரை கொடுக்கக்கூடியது இந்தத் திரும்பத் திரும்பத் தோற்கும் லயம்தான். அதைக் கண்டுபிடித்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

டாங்கி காங்கோடு அரங்கில் நடக்கும் சண்டையும் இதே வகை. இரும்பு உத்தரங்களும் பீப்பாய்களும் 1981 ஆர்கேட் கேமிலிருந்து நேராக வந்தவை. ஆனால் சண்டையை நடத்துவது பவர்-அப்கள், அதாவது எடுத்தவருக்குப் புதுச் சக்தி தரும் பொருள்கள். மாரியோ கைக்குக் கிடைத்த நீலக் காளானைத் தின்று, வளர்வதற்குப் பதில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிப் போகிறான். டாங்கி காங்குக்கோ நெருப்புப் பூ கிடைக்கிறது. கடைசியில் மாரியோவுக்கு வருவது 2013-ல் ‘சூப்பர் மாரியோ 3டி வேர்ல்ட்’ கேமில் அறிமுகமான பூனை உடை. எதிரி விழுந்து விழுந்து சிரிக்கிறான். அந்த உடைதான் ஜெயிக்க வைக்கிறது. எந்தப் பொருள் எப்போது கிடைக்கும் என்று தெரியாது, கிடைத்ததை வைத்துச் சமாளிக்க வேண்டும் என்கிற கேமின் விதி இங்கே சண்டையின் திருப்பங்களாகவே மாறியிருக்கிறது. பின்னால் பௌசர் ஏற்பாடு செய்த கல்யாண மண்டபத்தில், பூச்செண்டுக்குள் பனிப்பூவைக் காளான் தலைக்காரன் டோட் ஒளித்து வைத்துப் பீச்சிடம் கொடுப்பதும் அதே நேர்த்தி. கேம் தெரியாதவருக்கும் அது என்ன செய்யும் என்பது அடுத்த நொடியில் புரிந்துவிடும்.

சறுக்கல், வானவில் நிறச் சாலையான ரெயின்போ ரோட்டில் நடக்கும் துரத்தலில். அதற்கு முன்பு கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியைக் கட்டும் காட்சியில் வண்டியின் உடல், சக்கரம், கிளைடர் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பதை மாரியோ கார்ட் கேமின் மெனு மாதிரியே காட்டுகிறார்கள். பார்க்கக் கொண்டாட்டம்தான். கேமில் அந்தத் தேர்வுக்கு விலை உண்டு: கனமான வண்டி நேர்ச்சாலையில் பிய்த்துக்கொண்டு போகும், ஆனால் ஒருமுறை அடிபட்டு நின்றால் வேகம் எடுக்க நேரமாகும், லேசான வண்டிக்கு நேர்மாறு. படத்தில் யார் எந்தச் சக்கரத்தை எடுத்தார்கள் என்பது சாலையில் எந்த விளைவையும் தருவதில்லை. வளைவில் சறுக்கவிட்டு வேகம் சேர்க்கும் நுணுக்கத்தை வைத்தே ஒரு துரத்தலை ஜெயித்திருக்கலாம். கேமில் முதலிடத்தில் ஓடுபவரைத் தேடி வந்து தாக்கும் நீல ஓடு மட்டும் சரியாக வருகிறது. பௌசரின் தளபதி ஒருவன் தானே நீல ஓடாகி மாரியோ மேல் பாயும்போது, முதலிடத்தில் இருக்கும்போது பின்னாலிருந்து அந்த ஓசை கேட்டு வயிறு கலங்கியவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொரு குறை வேகம். படம் வெறும் 92 நிமிடம். பெங்குவின் ராஜ்ஜியம், காளான் ராஜ்ஜியம், இருண்ட நிலம், காட்டு ராஜ்ஜியம், புரூக்ளின் என்று இத்தனை இடங்களை அதற்குள் அடைக்கும்போது அடிபடுவது மனிதர்களின் கதை. மாரியோ பழைய வேலையை விட்டது அவன் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவனும் டாங்கி காங்கும் ஒரு ராட்சத விலாங்கு மீனின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்ட நேரத்தில், டாங்கி காங்குக்கும் அப்பாவோடு அதே மனக்குறை இருப்பது தெரிகிறது. நல்ல முடிச்சு. இன்னும் இரண்டு நிமிடம் அங்கே இருந்திருந்தால் கடைசியில் புரூக்ளின் தெருவில் அப்பா மகனைப் பார்க்கும் பார்வைக்கு இரட்டை வலு வந்திருக்கும். லூயிஜிக்கும் அநியாயம்தான் நடந்திருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் எலும்புக்கூட்டு ஆமைகளிடமிருந்து ஓடும் அழகான தொடக்கத்தைக் கொடுத்துவிட்டு, படத்தின் பெரும்பகுதியைக் கூண்டுக்குள் வைத்தே முடித்துவிட்டார்கள்.

இசையில் இரண்டு பேர் இழுக்கிறார்கள். படத்தின் இசையமைப்பாளர் பிரையன் டைலர் கோண்டோவின் மெட்டுகளை எடுத்துப் பிசைந்து, ஒரே மெட்டைப் பயமாகவும் ஏக்கமாகவும் கொண்டாட்டமாகவும் மாற்றிக் காட்டுகிறார். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எண்பதுகளின் பிரபல ஆங்கிலப் பாடல்கள் குறுக்கே வருகின்றன. பயிற்சிக் காட்சியிலும் காங்குகளின் ஊருக்குள் நுழையும் இடத்திலும் அவை வேண்டியதே இல்லை. உலகத்தில் பாதிப்பேர் முணுமுணுக்கும் மெட்டுகள் சொந்தமாகவே இருக்கும்போது கடன் வாங்குவானேன்? விதிவிலக்கு பௌசர் பியானோ முன் உட்கார்ந்து பாடும் ‘பீச்சஸ்’. ஜாக் பிளாக்கின் தொண்டையில் காதலும் வெறியும் ஒன்றாக வருகின்றன. அமெரிக்காவின் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 வரை போன அந்தப் பாட்டு, வில்லனின் மொத்தக் குணத்தையும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கிறது.

மாரியோவின் குரல் பற்றி, யார் பேசுகிறார் என்று அறிவித்த நாளிலிருந்தே சர்ச்சை. கேம்களில் பல ஆண்டுகள் அந்தக் குரலாக இருந்தவர் சார்லஸ் மார்டினெட். படத்தில் கிறிஸ் பிராட். முழுநீளப் படத்துக்கு அந்தக் கீச்சுக் குரல் தாங்காது என்பது உண்மை. சகோதரர்கள் எடுத்த விளம்பரத்தில் மட்டும் இத்தாலிய உச்சரிப்பை வைத்து, பிறகு அது அதிகமாகிவிட்டதோ என்று அவர்களையே கேட்க வைத்து, பதில் சொல்லும் ஜுசெப்பே பாத்திரத்தை மார்டினெட்டுக்கே கொடுத்திருக்கிறார்கள். மாரியோவின் அப்பா குரலும் அவருடையதே. மரியாதையான முடிவு.

வீட்டில் பார்ப்பவர்கள் சகோதரர்கள் நிலத்தடிக்கு இறங்கும் காட்சியில் சுவர்களைக் கவனியுங்கள். ‘லெவல் 1-2’ என்று ஒரு பலகை இருக்கும், கேமிலும் இரண்டாவது லெவல் நிலத்துக்கடியில்தான். மிகச் சின்னக் குழந்தைகளோடு பார்த்தால் ஒரு விஷயம்: சிறைக் கூண்டில் இருக்கும் நீல நட்சத்திரக் குட்டி லுமாலி இனிமையான குரலில் சாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நாலைந்து வயதுப் பிள்ளைகள் அர்த்தம் கேட்கலாம். பெயர்ப் பட்டியலின் நடுவில் குட்டியாகிப்போன பௌசர் ஒருமுறை வருகிறார். பட்டியல் மொத்தமும் முடிந்த பிறகு, புரூக்ளின் சாக்கடையில் பச்சைப் புள்ளி போட்ட முட்டை ஒன்று விரிசல் விடும் சிறு காட்சி இருக்கிறது. ரிமோட்டை அதுவரை தொடாதீர்கள்.