ஹாஃப் பிளேட் கேமராவுக்கு நாலுக்கு அஞ்சு ஹோல்டர்

கோபியில் பெரியப்பா நடத்திய ஸ்டுடியோவின் தேக்குமர ஹாஃப் பிளேட் கேமரா ஒருவழியாக மறுபடி படம் எடுக்க ஆரம்பித்திருக்கிறது. துருத்தியில் ஓட்டை அடைத்ததும் பித்தளைக்கு பாலிஷ் போட்டதும் பெரிய வேலையே இல்லை. நேரத்தைத் தின்றது ஹோல்டர்தான், அதாவது பிளேட்டையோ பிலிமையோ வெளிச்சம் படாமல் வைத்து கேமராவின் பின்னால் செருகும் சட்டம். இதே மாதிரி கேமரா வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் அதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கேமராவோடு வந்தவை மூன்று மர ஹோல்டர்கள். புத்தகம் மாதிரி திறந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணாடி பிளேட்டை வைத்து மூடும் ரகம். ஹாஃப் பிளேட் என்றால் 4¾ × 6½ இஞ்ச். அந்தக் காலத்துக் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தன் கேமராவுக்குத் தானே ஹோல்டரை இழைத்துக் கொடுத்தன. பொது அளவு என்று ஒன்று கிடையாது. ஹோல்டர்களில் பக்கத்துக்கு ஒரு எண்ணாக 1-2, 3-4, 5-6 என்று போட்டிருப்பார்கள். ஆலப்புழையில் கருணாகரன் செய்த வாகீஸ்வரி கேமரா ஒன்றுக்கு உரிய ஹோல்டர் பக்கத்து வீட்டு இங்கிலாந்துக் கேமராவில் சேரும் என்று நம்பி வாங்கக் கூடாது. என்னிடம் உள்ள மூன்றில் 5-6 பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேறு கேமராவுடையது. மாட்டினால் சிக்கென்று உட்காருகிறது. ஆனால் ஆழம் அளக்கும் டெப்த் கேஜை வைத்துப் பார்த்தால் பிளேட் நிற்கும் இடம் மற்ற இரண்டைவிட 1.2 மில்லிமீட்டர் முன்னால்.

இந்த 1.2 எவ்வளவு பெரிய விஷயம்? லென்ஸின் துவாரம் எஃப்/8-ல் திறந்திருந்தால் (இந்த எண் கூடக்கூட துவாரம் சிறிசாகும்), பிலிம் இருக்கும் இடத்தில் தாங்கக்கூடிய பிழை முன்னும் பின்னும் சுமார் 0.8 மி.மீ. (மங்கல் வட்டம், அதாவது ஒரு புள்ளி பிலிமில் மங்கி விரியும் வட்டம், 0.1 மி.மீ. வரை பரவாயில்லை என்று வைத்துக்கொண்டால்). எஃப்/32-க்கு மூடினால் அதுவே 3.2 மி.மீ. ஆகிவிடும். ஐம்பது பேரை வரிசையாக நிற்கவைத்து எஃப்/32-ல் குரூப் போட்டோ எடுத்த பெரியப்பா, தப்பான ஹோல்டரை மாட்டியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. முகம் மட்டும் தெளிவாக விழவேண்டும் என்று லென்ஸைத் திறந்து வைக்கும் நமக்குத்தான் அது இடிக்கும்.

பழைய ஹோல்டரில் பிளேட்டைப் பின்னாலிருந்து ஒரு வில் முன்பக்கம் தள்ளிப் பிடிக்கும். அதனால் கண்ணாடி தடிமனாக இருந்தாலும் மெல்லிசாக இருந்தாலும் படம் விழும் முகம் ஒரே இடத்தில் நிற்கும். இப்போதைய 4×5 இஞ்ச் பிலிம் ஹோல்டர் நேர்மாறு. பிலிம் நடுத்தகட்டின்மேல் படுத்துக்கிடக்கும், ஓரத்தில் இருக்கும் பள்ளம் பிடித்துக்கொள்ளும். எனவே ஹோல்டரின் முகத்திலிருந்து அந்தத் தகடு வரைக்குமான ஆழம்தான் எல்லாமே. அமெரிக்கத் தர அளவு 0.197 இஞ்ச், கூடக்குறைய 0.007. நம் கணக்கில் 5 மி.மீ.; பிலிமின் கனத்தைக் கழித்தால் சுமார் 4.8. பிடிலிட்டி, ரைட்வே என்று எந்தப் பேர் போட்டதானாலும் இந்த அளவுக்குள் இருந்தால் போதும்.

பழைய ஹோல்டரில் தகர உறை போட்டு பிலிம் வைக்கலாமா என்று பார்த்தேன். வைக்கலாம். ஆனால் உறையின் மடிப்பு பிலிமுக்கு முன்னால் வருவதால் அந்தத் தகரத்தின் கனம் அளவுக்குப் பிலிம் பின்னால் போய்விடும். போதாக்குறைக்கு அந்த அளவில் பிலிம் வேறு தேடவேண்டும். சரி, 4×5 ஹோல்டர் பிடிக்கிற மாதிரி கேமராவுக்குப் புது முதுகே (ஹோல்டர் உட்காரும் பின்பக்கச் சட்டம்) செய்துவிடலாம் என்று கணபதியில் பேட்டர்ன் செய்யும் அண்ணன் ஒருவரிடம் போனேன்.

கோயமுத்தூரில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பம்ப் வார்க்கும் பட்டறைகளுக்கு மரத்தில் அச்சு செய்கிறவர்கள் அரை மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிற ஆட்கள். நான் நீட்டிய படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க தம்பி, இது வார்க்கறதுக்கா, அப்படியே மாட்டறதுக்கா?" வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் அடிக்கு எட்டில் ஒரு இஞ்ச் நீளம் கூட்டிய தனி ஸ்கேல் அவர் மேசையில் கிடந்தது. "அப்படியே மாட்டறதுதானுங்கண்ணா" என்றதும் அதைத் தள்ளிவைத்துவிட்டு சாதா ஸ்கேலை எடுத்தார்.

புது முதுகில் ஹோல்டர் உட்காரும் தளத்திலிருந்து கிரவுண்ட் கிளாஸின் (ஃபோகஸ் பார்க்கும் மங்கல் கண்ணாடி) சொரசொரப்பான முகம் 4.8 மி.மீ. தள்ளி இருந்தால் போதும். கேமராவின் பழைய அளவை அதன்பிறகு மறந்துவிடலாம், ஏனென்றால் கண்ணாடியும் ஹோல்டரும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. கண்ணாடியின் சொரசொரப்பு லென்ஸைப் பார்த்து இருக்கவேண்டும். திருப்பி மாட்டினால் கண்ணாடிக் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிழை வரும், 2 மி.மீ. கண்ணாடிக்கு 1.3. பழைய கேமரா வாங்கினால் முதலில் இதை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடி உடைந்து யாரோ மாற்றிய கேமராக்களில் இது சகஜம்.

ஹோல்டர்களை பழையதாக ஒரு கூட்டமாக வாங்கினேன். அதில் கிராஃப்ளெக்ஸ் வகை ஒன்று கலந்து வந்திருந்தது. சாதா ஹோல்டரில் குறுக்கே ஒரு வரப்பு இருக்கும், அது முதுகில் உள்ள பள்ளத்தில் விழுந்து ஒளியைத் தடுக்கும். இதில் வரப்பு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம். தள்ளி வைத்துவிட்டேன். மீதியை ஒவ்வொன்றாக அளந்ததில் பெரும்பாலும் ஓரத்தில் 4.9, நடுவில் 5.1. ஒன்று மட்டும் 5.4 காட்டியது; அது எஃப்/32 வேலைக்கு.

சோதனைக்கு ஸ்டீல் ஸ்கேலை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து, 15 செ.மீ. கோட்டுக்கு ஃபோகஸ் பிடித்து, லென்ஸை முழுசாகத் திறந்து எடுத்தேன். பிலிம் பின்னால் தள்ளியிருந்தால் கேமராவுக்குப் பக்கத்துக் கோடு தெளிவாக விழும். முன்னால் இருந்தால் தூரத்துக் கோடு. முதல் தடவை தெளிவு பக்கத்துக் கோட்டில் விழுந்தது. கண்ணாடி உட்காரும் விளிம்பில் மெல்லிய காகிதப் பட்டை வைத்துச் சரிசெய்தபின் 15-லேயே நின்றது.

பிலிம் எக்ஸ்ரே பிலிம்தான். 8×10 தாளை நாலாக வெட்டி, ஓரத்தில் கொஞ்சம் சீவினால் 4×5 ஹோல்டரில் நுழையும். பச்சைக்கு உணர்வுள்ள ரகம் என்பதால் சிவப்பு விளக்கில் வெட்டலாம். இரண்டு பக்கமும் பூச்சு இருப்பதால் ஹோல்டரில் தள்ளும்போது கீறல் விழும், டிரேயின் அடியில் கண்ணாடி போட்டுக் கழுவவேண்டும். குங்குமமும் செம்மண்ணும் கருப்பாக விழும். பழைய குரூப் போட்டோக்களில் நெற்றிப்பொட்டு அவ்வளவு கருப்பாக இருப்பதும் இதனால்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

மொட்டை மாடியிலிருந்து மருதமலையை எடுத்த படத்தில் வலது மூலையில் மட்டும் புகை மாதிரி ஒளி கசிந்திருக்கிறது. ஆடிக்காற்றில் துருத்தி பாய்மரம் மாதிரி ஆடியதால் கேமராவும் ஆடியது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கசிவு ஹோல்டரின் வரப்பு உட்காரும் இடத்தில்தான் என்று டார்ச் அடித்துப் பார்த்ததில் தெரிந்தது. அங்கே கருப்பு வெல்வெட் ஒட்டப்போகிறேன். அதன் கனம் 4.8-ஐ மாற்றாதபடி பள்ளத்துக்குள் மட்டும்.