மலைவளர்காதலியின் வெள்ளிக்கிழமை

பரமக்குடியில் இருந்துகொண்டு ராமேசுவரத்துக்கு எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறோம். ஆனால் அம்பாள் சன்னதியில் ஆற அமர உட்கார்ந்ததே இல்லை. விடியற்காலையில் அக்கினி தீர்த்தம், அப்புறம் 22 தீர்த்தம், ஈரத்துணி மாற்றிக்கொண்டு சுவாமி தரிசனம். அதற்குள் கால் ஓய்ந்துவிடும். அம்மனுக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவோம்.

"வீட்டுக்கு வந்துட்டு வாசலோட திரும்புற மாதிரி இருக்குப்பா" என்று அம்மா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, இந்த முறை அம்பாளுக்காகவே போவோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம்.

மதுரையில் மீனாட்சிக்கு இருப்பதுபோல இங்கேயும் சுவாமிக்கு வலப்பக்கம்தான் பர்வதவர்த்தினி சன்னதி. சக்தி பீடங்களில் இதைச் சேது பீடம் என்பார்கள். தமிழில் அவள் மலைவளர்காதலி. சுற்றிலும் கடல். கந்தமாதன பர்வதம் என்று நாம் ஏறிப் பார்ப்பதுகூட ஒரு மணல்மேடுதான். இந்தத் தீவில் இப்படி ஒரு பெயர்!

"இமயத்துல பொறந்து இம்புட்டுத் தூரம் வாழ வந்தவ. பொறந்த வீட்டுப் பேரை விடாம வச்சிருக்கா" என்றார் அம்மா. அம்மாவும் குற்றாலத்து மலையைப் பார்த்து வளர்ந்து, எங்கள் வறண்ட ஊருக்கு வாழ்க்கைப்பட்டவர். ஐம்பது வருஷமாகியும் தெருவுக்கு அவர் தென்காசிக்காரிதான். ஆடியில் 17 நாள் திருக்கல்யாண விழா நடக்கும்போதெல்லாம் ஏன் அம்மா கண்கலங்குகிறார் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

இருட்டியதும் நாகஸ்வரச் சத்தம் கேட்டது. தங்கப் பல்லக்கில் அம்பாள் மூன்றாம் பிரகாரத்துக்கு எழுந்தருளினாள். 1,212 தூண்கள் நிற்கிற அந்த நீளத்தில் முதலில் தீவட்டி வெளிச்சம் மட்டும் அசைந்து அசைந்து வந்தது. கிட்டே வந்தபோது மல்லிகை வாசம். மாலைகளுக்கு நடுவே அந்தச் சின்ன முகம். கும்பிட எடுத்த கையை அம்மா பாதியிலேயே நிறுத்திவிட்டார். வாய் மட்டும் "தாயே, தாயே" என்றது. பல்லக்கு தாண்டிப் போனதும், தரையில் உதிர்ந்து கிடந்த ஒரு மல்லிகையைக் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

அப்புறம் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. நானும் பஸ் நேரத்தைச் சொல்லவில்லை.