எழுபது வயது இரத்தத்துக்கு எந்த அளவு?

ஆய்வுகூட ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சாகும் இயல்பு அளவுகள் பெரும்பாலும் நடுவயதுக்கு உட்பட்ட சுகதேகிகளின் இரத்தத்தில் இருந்து எடுக்கப்பட்டவை. வன்னியில் எங்கள் ஆய்வுகூட யன்னலடிக்குக் கிளினிக் கொப்பியோடு வருபவர்களில் கனபேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

மாங்குளம் பக்கத்து அம்மா ஒருவர், வயது 74, தாளைக் காட்டிக் கேட்டார்: "பிள்ளை, இதில ஏன் வெள்ளிக்குறி போட்டுக்கிடக்கு? ஏதும் பெரிய வருத்தமோ?" ஈ.எஸ்.ஆர் (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் இரத்தப் படிவு வேகம்) 38. தாளில் மேல் எல்லை 20. பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் பிரிக்கும் பழைய கணக்கில் பார்த்தால் அவருக்கு 42 வரை போகலாம். "பயப்பிடாதேங்கோ அம்மா, டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றேன்.

சிறுநீரகம் வெளியேற்றும் தசைக்கழிவான கிரியேட்டினினில் நிலைமை தலைகீழ். அங்கே வெள்ளிக்குறி விழாததுதான் ஆபத்து. 1.0 என்று வந்தால் 25 வயதுப் பெண்ணுக்குச் சிறுநீரக வடிகட்டல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 மில்லிலீற்றர். அதே 1.0 எழுபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு 59 அளவில்தான் நிற்கும். தசை வற்றிய உடம்பில் கிரியேட்டினின் குறைவாகத்தான் உண்டாகும், அதனால் பழுது வெளியே தெரியாது. அனுராதபுரத்தில் இருந்து வவுனியா வரை காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவிய நிலத்தில் இதைச் சின்ன விசயமாக விடமுடியாது.

அப்படியென்றால் எங்கள் முதியவர்களுக்கென்றே அளவு வகுக்கலாமே? முறைப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் குறைந்தது 120 சுகதேகிகள் வேண்டும். அவர்களில் நடு 95 வீதத்தினரின் அளவே எல்லை. ஆனால் சுகதேகி யார்? சீனி, பிரசர் குளிசை எடுக்காத எழுபது வயதுக்காரரைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு உடம்பில் இருக்க வாழ்பவரைச் சேர்ப்பதா, விடுவதா? எல்லாரையும் சேர்த்தால் நோயே இயல்பாகிவிடும். ஊரில் பலருக்கு ஹீமோகுளோபின் 10.5 என்பதால் பெண்களுக்கான 12 என்ற எல்லையை இறக்குவது, சோகையைத் தாளில் இருந்து அழிக்கும் வேலை. வயதோடு இயல்பாக மாறுவதும், வறுமையாலும் வருத்தத்தாலும் மாறுவதும் ஒன்றல்ல. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஒட்டுசுட்டான் வெயிலில், அணுக்களில் இருந்து நீர்ப்பகுதியைப் பிரிக்காமல் வந்த இரத்தத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. அதில் குளுக்கோஸ் இறங்கும், பொட்டாசியமும் மாறிவிடும்.

அந்த அளவுகள் வரும்வரை கிளினிக் கொப்பியில் உள்ள பழைய முடிவைப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். படிவத்தில் வயது வெறுமையாக இருந்தால் திருப்பிக் கேட்கிறேன். "ஆருக்குத் தெரியும் தம்பி" என்பவரிடம் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பேன். பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்களும் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு எண்கள்தான்.